கொழும்பில் சமூகப்பணிக் களப்பயிற்சி: முதல் நாளிலிருந்து வேலைக்குப் போகும்வரை

களப்பயிற்சிக்குப் போகுமுன் சமூகப்பணி மாணவர்கள் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "நான் ரெடியா?" பெரியவர்கள் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: "போனால் எல்லாம் சரியாகிவிடும்." போனதும் தானாக ஒன்றும் சரியாவதில்லை. சில வேலைகளை முதல் வாரத்திலேயே தொடங்கினால் சரியாகும். அவற்றைத்தான் இங்கே செய்கிற வரிசையில் எழுதியிருக்கிறேன். கொழும்பில் தமிழ் பேசும் மாணவர்களைக் களத்தில் மேற்பார்வை செய்கிற ஒருத்தியின் பார்வை இது. தடுமாறுகிறவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியாததை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வழியில் அதற்கான மருந்துதான்.

இங்கிலாந்தில் இந்தத் தயார்நிலையை ஒரு கட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நேரடிப் பணிக்குத் தயார் என்ற மதிப்பீட்டில் தேறாத மாணவர் முதல் களப்பயிற்சிக்குப் போக முடியாது. தேறியபின் முதல் பயிற்சி 70 நாள், இரண்டாவது 100 நாள். திறன் பயிற்சிக்கு 30 நாள் சேர்த்து மொத்தம் 200. வேலை கிடைத்த முதல் வருடமும் மேற்பார்வையோடும் மதிப்பீட்டோடும்தான் போகும். எங்கள் நாட்டில் சமூகப்பணி கற்பிக்கிற பழைய நிறுவனம் 1952இல் தொடங்கியது. அதுவே பிறகு 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமானது. பயிற்சி மணித்தியாலக் கணக்கு படிப்புக்குப் படிப்பு மாறும் என்பதால் உங்கள் கைநூலைப் பாருங்கள். வகுப்பு சீதுவையில், களம் கொழும்பில் என்றால் நீர்கொழும்பு 240 பஸ்ஸில் போகிற நேரத்தையும் கால அட்டவணையில் எழுதி வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. களைப்போடு போய்ச் செய்கிற சந்திப்பு குறிப்பில் அப்படியே தெரியும்.

படி 1: போகுமுன் ஒரு பக்கம் எழுதுங்கள்

உங்களுக்கு எது கைவரும், எது வராது, எந்த விடயம் உங்களைக் குலைக்கும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். வீட்டில் குடிப்பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவருக்குக் குடிக்கிற தகப்பன் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது வேறு மாதிரி இருக்கும். போரில் உறவை இழந்தவருக்கு, காணாமல்போன மகனைப் பற்றி ஒரு தாய் பேசுவதைக் கேட்பதும் அப்படித்தான். இதனால் அந்த வேலைக்குத் தகுதி இல்லை என்று ஆகிவிடாது. மேற்பார்வையாளர் முதலிலேயே அறிந்திருந்தால் முதல் கேஸாக அதையே கையில் தரமாட்டார், அவ்வளவுதான். முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. "இந்த மாதிரிக் கேஸ் எனக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் பழக விருப்பம்" என்றால் போதும்.

படி 2: யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் வரையுங்கள்

சமூகப்பணியில் பாதி வேலை ஆளை ஆளிடம் சேர்ப்பது. அதற்கு ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரத்தில் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கொழும்பு நகரத்துக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி பக்கம் கொழும்பு பிரதேச செயலகத்தில் வரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, பொரளை, நாரஹேன்பிட்டி பக்கம் திம்பிரிகஸ்யாயவில் வரும். சமூக சேவை உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் எல்லாரும் பிரதேச செயலக மட்டத்தில் வேலை செய்கிறவர்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் நீதிமன்றத்தோடு தொடர்புள்ளவர். சிறுவர் கேஸ் பொலிஸுக்கோ நீதவானிடமோ போனால் அவரில்லாமல் நகராது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, அதன் உத்தியோகத்தர்கள் வேறு. மாணவர்கள் இந்த மூன்று சிறுவர் உத்தியோகத்தர்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். மூவரையும் நேரில் பார்த்து, "எப்படிப்பட்ட கேஸை உங்களிடம் கொண்டுவர வேண்டும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவர்கள் வாயால் சொல்வது எந்தச் சுற்றறிக்கையையும்விடத் தெளிவாக இருக்கும்.

கிராம உத்தியோகத்தரை எல்லாருக்கும் தெரியும், அவரை விட முடியாது. ஆனால் அந்த வட்டாரத்தைக் கதவுக்குக் கதவு அறிந்தவர் குடும்ப நல உத்தியோகத்தர், அதாவது நாங்கள் மிட்வைஃப் என்று சொல்கிறவர். எந்த வீட்டில் பிள்ளை நிறை குறைந்திருக்கிறது, எந்தப் பெண் கிளினிக்குக்கு வராமல் நின்றுவிட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவரோடு ஒரு நாள் நடந்து பாருங்கள்.

ஆஸ்பத்திரிப் பக்கம் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை, அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகம் மூன்றையும் எழுதுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக 'மித்துரு பியச' என்ற நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் பகுதிக்கு அருகில் உள்ளது எது, எந்த நேரம் திறந்திருக்கும் என்று போய்ப் பார்த்து வாருங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் எங்கே என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

இலக்கங்கள் மனப்பாடமாக இருக்கட்டும்: சிறுவர் துஷ்பிரயோகத்துக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

படி 3: கற்றல் ஒப்பந்தத்தை வெறும் படிவமாக நிரப்பாதீர்கள்

"தொடர்பாடல் திறனை வளர்த்துக்கொள்வேன்" என்று எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை, யாரும் சரிபார்க்கப்போவதும் இல்லை. "இரண்டாம் மாதம் முடிவதற்குள் ஒரு குடும்ப மதிப்பீட்டைத் தனியாகச் செய்து எழுதுவேன், ஒரு கேஸ் கொன்பரன்ஸில் சிங்களத்தில் ஐந்து நிமிடம் கேஸை முன்வைப்பேன்" என்று எழுதுங்கள். நடந்ததா இல்லையா என்று பார்க்க முடிகிற மாதிரி இருந்தால் போதும். மேற்பார்வை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதும் அதில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அந்த நேரம் வேறு வேலைக்குப் போய்விடும்.

படி 4: முதல் ஹோம் விசிட்

ஒரு தடவையாவது இன்னொருவரோடு போய் வாய் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த முறை நீங்கள் பேச, அவர் பார்க்கட்டும். மூன்றாவதாகத்தான் தனியே போவது. அப்போதும் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் அவருக்கு ஒரு மெசேஜ். நிறுவனக் கடிதமும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும். போனில் சார்ஜ் இருக்கட்டும்.

நேரம் பார்த்துப் போங்கள். கூலிவேலைக்குப் போகிற வீட்டுக்குக் காலை பத்து மணிக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும், அல்லது வயதானவர் மட்டும் இருப்பார். "எந்த நேரம் வந்தால் உங்களுக்கு வசதி?" என்று போனில் கேட்பதே மரியாதை. கேட்காமல் திடீரென்று போய் நிற்பது விசாரணைக்கு வந்தவரின் வழக்கம்.

வத்தைகளில், அதாவது சிறு வீடுகள் நெருக்கமாக இருக்கிற குடியிருப்புகளில், நீங்கள் நுழைந்த உடனேயே செய்தி போய்விடும். "மிஸ், அஸ்வெசும பதியவா வந்தீங்க?" என்று முதல் சந்தியிலேயே யாராவது கேட்பார். 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் கொடுப்பனவு வந்ததிலிருந்து பைலோடு வருகிற எவரையும் அதற்காகத்தான் என்று நினைப்பது இயல்பு. இதற்கு ஒரு பதிலை முன்கூட்டியே தயார் பண்ணிக்கொள்ளுங்கள். பொய் சொல்லவும் கூடாது, போகிற வீட்டைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. "இல்லக்கா, நான் பயிற்சி மாணவி, இந்தப் பக்கம் சிலரைச் சந்திக்க வந்தேன். அஸ்வெசும விடயத்துக்குப் பிரதேச செயலகத்தில்தான் கேட்க வேணும்" என்று சொல்லி நடந்தால் போதும். எந்த வீடு என்று கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீட்டுக்குள் போனதும் இருக்கிற ஒரே கதிரையை உங்களுக்குத் தருவார்கள். மறுக்காமல் உட்காருங்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி பிஸ்கட் வாங்கப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டுமுன் "பிளேன்டீ மட்டும் தாங்கம்மா, அது போதும்" என்று சொல்லுங்கள். ஒன்றுமே வேண்டாம் என்றால் வீட்டைப் பார்த்து அருவருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள். பிஸ்கட் வந்தால் அன்றைய செலவில் ஒரு பங்கு போய்விடும்.

சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் ரேடியோ நின்றுவிடும். அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கடினமான கேள்விகளை அங்கே கேட்காதீர்கள். "அலுவலகத்துக்கு ஒருக்கா வர ஏலுமா? பஸ்ஸுக்கு நான் வழி சொல்றேன்" என்று கேட்கலாம். கோவில் முற்றம், கிளினிக் வாங்கு, பாடசாலை முடிகிற நேரம் வெளியில் நிற்கிற மரநிழல் எல்லாம் வீட்டைவிடத் தனிமை தருகிற இடங்கள்.

வத்தையிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்களிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: முன்பு அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவீர்கள், இப்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள்? பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா இப்போது வேறு கட்டடத்தில் பத்தாவது மாடியில் இருப்பார். குடும்பத்தின் வெளித்தொடர்புகளை வட்டமும் கோடுமாக வரைகிற படத்தை வகுப்பில் படித்திருப்பீர்கள். அதை இடம் மாறுவதற்கு முன், பின் என்று இரண்டாக வரைந்து பாருங்கள். எந்தக் கோடு அறுந்தது என்று உடனே தெரியும்.

படி 5: குறிப்பு எழுதுதல்

தயார்நிலையை எதில் அளக்கலாம் என்று என்னைக் கேட்டால் கேஸ் குறிப்பில் என்றுதான் சொல்வேன். பேச்சில் சமாளிக்கலாம், எழுத்தில் முடியாது. ஒரு கற்பனைக் கேஸை வைத்துக் காட்டுகிறேன். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார். பதினொரு வயதுப் பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறான், சில வாரங்களாகப் பாடசாலைக்குப் போகவில்லை. ஒரே சந்திப்பைப் பற்றி இரண்டு குறிப்புகள்.

முதலாவது: "வீடு மிகவும் அசுத்தம். அம்மம்மாவுக்குப் பிள்ளையில் அக்கறை இல்லை. பிள்ளை பயந்த சுபாவம். பாடசாலைக்கு அனுப்புமாறு அறிவுறுத்தினேன்."

இரண்டாவது: "பி.ப. 4.10க்குப் போனேன். அம்மம்மா கதவைத் திறந்தார். ஒரே அறை. தரையில் பாத்திரங்கள், மூலையில் துணிக்குவியல். சோறும் பருப்பும் சமைத்து மூடி வைத்திருந்தது. அம்மம்மா சொன்னது: 'காலையில முழங்கால் பிடிச்சா எழும்ப ஏலாது மிஸ். இவன எழுப்பிவிட ஆள் இல்ல.' நான் இருந்த நேரம் முழுக்கப் பிள்ளை அம்மம்மாவின் பின்னால் நின்றான். பாடசாலை என்றதும் தலையைக் குனிந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. என் ஊகம்: எழுப்ப ஆளில்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். பாடசாலையில் ஏதும் நடந்திருக்கிறதா என்பது தெரியாது. அடுத்து: வகுப்பாசிரியரைச் சந்திக்க அம்மம்மாவிடம் சம்மதம் வாங்கினேன். முழங்காலுக்குக் கிளினிக் போகிறாரா என்று கேட்க வேண்டும். பிள்ளையோடு தனியே கதைக்க ஒரு சந்தர்ப்பம் தேட வேண்டும்."

முதல் குறிப்பைப் படிக்கிற உத்தியோகத்தர் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது பற்றி யோசிக்கத் தொடங்குவார். இரண்டாவதைப் படிக்கிறவர் ஒரு முழங்கால் வலியையும் ஒரு வகுப்பறையையும் பற்றி யோசிப்பார். வீடு அதே வீடுதான். கண்டது, கேட்டது, ஊகித்தது, செய்யப்போவது நான்கையும் பிரித்து எழுதினால் போதும். அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே மேற்கோளில் போடுங்கள். "அக்கறை இல்லை", "ஒத்துழைப்பதில்லை", "சந்தேகத்துக்குரியவர்" என்று வந்தால் பேனாவை நிறுத்துங்கள். அப்படி நினைக்க வைத்தது எது என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லை வெட்டிவிடலாம். இன்னொன்று: இந்தக் குறிப்பை நாளைக்கு அந்த அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னால் கூச்சமில்லாமல் வாசிப்பீர்களா?

அன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் காலை என்றால் பாதி போய்விடும். பஸ்ஸில் இருந்தபடி போனில் குறிப்பெடுப்பவர்கள் பெயரும் முகவரியும் போடாமல் எடுங்கள்.

வாரத்தில் ஒரு சந்திப்பையாவது உரையாடலாகவே எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் அவர் சொன்னதும் நீங்கள் சொன்னதும், வலப்பக்கம் அந்த நேரம் உங்களுக்குள் ஓடியது. எழுத அலுப்பாக இருக்கும், ஒரு மணித்தியாலப் பேச்சுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போகும். ஆனால் எங்கே அவரைப் பேசவிடாமல் புத்திமதி சொல்லத் தொடங்கினீர்கள் என்பதை வேறு எந்த வழியிலும் இவ்வளவு சுத்தமாகப் பிடிக்க முடியாது. எங்கள் ஆட்களுக்குப் புத்திமதி சொல்கிற பழக்கம் இரத்தத்தில் ஊறியது. அதைக் கழற்றத்தான் இந்தப் பயிற்சி.

படி 6: மேற்பார்வைக்கு ஒரு கேள்வியோடு போங்கள்

மேற்பார்வைக்கு மூன்று வேலை இருப்பதாகப் பாடத்தில் வரும்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப்பிடித்தல். பல இடங்களில் முதலாவது மட்டுமே நடக்கிறது. எத்தனை வீடு போனாய், படிவம் எங்கே, கையொப்பம் எங்கே என்று முடிந்துவிடும். மற்ற இரண்டையும் மாணவர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

"கேஸ் எப்படிப் போகுது?" "பரவாயில்ல மிஸ்." இத்தோடு அந்த அரை மணித்தியாலம் வீண். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மிஸ், அந்த அம்மம்மா என்னட்ட 2000 ரூபா கேட்டா. இல்லண்டு சொல்லிட்டேன். அதுக்குப் பிறகு அவ முகம் குடுத்துக் கதைக்கல்ல. சொன்ன விதம் பிழையா, சொன்னதே பிழையா?" இதை வைத்து ஒரு முழு வகுப்பே எடுக்கலாம்.

கேட்டதனால் அந்தக் கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு நீங்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கடன்பட்டவராகப் பதில் சொல்வார், அடுத்த வீட்டுக்காரரும் கேட்பார். ஆனால் "முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் கதவு மூடிவிடும். "அம்மா, நான் காசு தர ஏலாத நிலையில இருக்கிறேன், எங்கட வேலையில அதுக்கு அனுமதி இல்ல. எதுக்குத் தேவைன்னு சொன்னா, கேட்கக்கூடிய இடத்த நான் தேடிச் சொல்றேன்" என்று சொல்லி, உண்மையிலேயே தேடிச் சொல்லுங்கள். இரண்டாம் பாதியைச் செய்யாதவர்களால்தான் முதல் பாதியை எவரும் நம்புவதில்லை.

மேற்பார்வையாளரே நேரம் தராதவராக இருந்தால்? நடக்கிறதுதான். திகதி போட்டு, கேள்விகளை எழுதி, மரியாதையாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொடர்ந்து பதில் இல்லை என்றால் உங்கள் படிப்பு நிறுவனத்தின் களப்பயிற்சி இணைப்பாளரிடம் அந்த மின்னஞ்சல்களோடு போங்கள். கடைசி வாரம்வரை பொறுத்துவிட்டு மதிப்பெண் வந்தபின் அழுவதில் பயனில்லை.

படி 7: மொழியால் வரும் கூடுதல் வேலை

கொழும்பில் தமிழ் மாணவருக்கென்றே வருகிற வேலை இது. பாடத்திட்டத்தில் அநேகமாக இருக்காது.

நிறுவனத்தில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் முதல் கிழமையிலேயே நீங்கள் மொழிபெயர்ப்பாளராகிவிடுவீர்கள். உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்பார், தாய் தமிழில் அழுவார், நடுவில் நீங்கள். உதவிதானே என்று செய்வீர்கள், செய்யவும் வேண்டும். ஆனால் மொழிபெயர்க்கிறபோது உங்கள் கருத்துக்கு இடமில்லை, சமூகப்பணியாளராக இருக்கிறபோது அதுதான் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டும் கெடும். ஆகவே தொடங்குமுன் வாயால் சொல்லுங்கள்: "சேர், இப்ப நான் மொழிபெயர்க்கிறேன். முடிஞ்ச பிறகு என்ட அபிப்பிராயத்தச் சொல்ல அஞ்சு நிமிஷம் தாங்க." அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்காவிட்டால் பயிற்சி முடியும்வரை உங்களை வாயாகத்தான் பார்ப்பார்கள்.

மொழிபெயர்க்கும்போது தன்மையிலேயே சொல்லுங்கள். "அவருக்குப் பயமாம்" என்பதை விட்டுவிட்டு "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றே மாற்றுங்கள். சுருக்காதீர்கள். தாய் மூன்று நிமிடம் பேசி நீங்கள் ஒரு வரி சொன்னால் அறையில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும், தாய்க்கும் தெரியும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மற்றவர் வைத்தாலும் நிறுத்துங்கள். தகப்பன் தாயை அடித்ததை ஒன்பது வயதுப் பிள்ளை பொலிஸில் சிங்களத்தில் சொல்ல வேண்டிய நிலை வந்தால் அதுவே பிள்ளைக்கு இன்னொரு காயம்.

பொலிஸ் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காமலே கையொப்பம் வைப்பது அடிக்கடி நடக்கிறது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் வாக்குமூலம் கேட்பது உரிமை, சலுகை இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு நிலையத்தில் நின்று அரசியலமைப்பை ஓதினால் காரியம் ஆகாது. அமைதியாக, "எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க, நான் இவங்களுக்குத் தமிழில சொல்றேன், அதுக்குப் பிறகு சைன் வைப்பாங்க" என்று கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

உங்கள் சிங்களம் சந்தைச் சிங்களமாக இருந்தால் அலுவலகச் சிங்களத்தைத் தனியாகப் படியுங்கள். பேருந்தில் பேசுகிறதற்கும் கேஸ் முன்வைக்கிறதற்கும் வேறு வேறு சொற்கள். நிறுவனத்தின் பழைய சிங்கள அறிக்கைகளை அனுமதி வாங்கி வாசித்து, அதில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களை ஒரு கொப்பியில் எழுதுவது எந்த வகுப்பையும்விட வேகமான வழி. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவரின் தமிழும், வடக்கிலிருந்து வந்தவரின் தமிழும், கொழும்பு முஸ்லிம் வீட்டின் தமிழும் ஒன்றில்லை என்பதையும் மனதில் வையுங்கள். விளங்காத சொல்லை விளங்கியதுபோலத் தலையாட்டாமல் "அதை எனக்கு விளங்கப்படுத்துங்க" என்று கேட்டால் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

படி 8: இரகசியமும் ஆபத்தும்

இரகசியம் காப்பேன் என்று முழு வாக்குக் கொடுக்காதீர்கள். "நீங்க சொல்றத நான் வெளியில கதைக்க மாட்டேன். ஆனா உங்களுக்கோ பிள்ளைக்கோ ஆபத்து எண்டு தெரிஞ்சா என்ட மேற்பார்வையாளருக்குச் சொல்லித்தான் ஆகணும்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டுப் பிறகு மீறினால் திரும்பி அந்த வீட்டுக்குள் போக முடியாது.

பிள்ளை துஷ்பிரயோகம் பற்றி வாய் திறந்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். "மாமாவா செய்தவர்?" என்பது அப்படிப்பட்ட கேள்வி, "என்ன நடந்தது?" போதும். பிள்ளை சொன்ன சொற்களையே எழுதுங்கள். மறுபடி மறுபடி சொல்ல வைக்காதீர்கள். அன்றைக்கே மேற்பார்வையாளருக்குச் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் 1929. சந்தேகப்படுகிற ஆளை நீங்களே போய் விசாரிக்கப் போகாதீர்கள்.

வீட்டு வன்முறைக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றம் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப்பின் 12 மாதம்வரை பாதுகாப்புக் கட்டளையும் வழங்கலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டளை கேட்பதா, எப்போது கேட்பது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. வீட்டைவிட்டு வெளியேறுகிற நேரந்தான் பலருக்கு மிக ஆபத்தான நேரம். "விட்டுட்டு வாங்க" என்று அவசரப்படுத்துமுன் எங்கே தங்குவார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எங்கே, கையில் எவ்வளவு இருக்கிறது என்று சேர்ந்து உட்கார்ந்து யோசியுங்கள்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விடலாம் எண்டு யோசனை வந்திருக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அங்கிருந்தே மேற்பார்வையாளருக்குப் போன் பண்ணுங்கள்.

வட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. அடையாள அட்டைப் படம், மருத்துவ அறிக்கை, பிள்ளையின் போட்டோ எதையும் உங்கள் சொந்தப் போனில் வைக்காதீர்கள், குழுவில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் பிள்ளைகளின் தகவலையும் விசேட வகையாகவே பார்க்கிறது. அனுப்பச் சொன்னவர் மூத்த உத்தியோகத்தர் என்றால் "சேர், ஒஃபிஸ் மெயிலுக்குப் போடட்டா?" என்று கேட்டுத் தப்பிக்கலாம்.

படி 9: உங்களையும் பாருங்கள், சொல்லிவிட்டு விலகுங்கள்

தூக்கம் கெடுகிறது, ஒரு குடும்பம் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை, காலையில் போன் அடித்தால் வயிற்றைப் பிசைகிறது என்றால் மேற்பார்வையில் சொல்லுங்கள். வேலை நேரம் முடிந்தபின் சேவைபெறுநரின் கோலுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று முன்பே கொடுத்திருந்தால் மனச்சாட்சியும் உறுத்தாது.

பயிற்சி முடிகிற திகதியை முதல் மாதமே குடும்பத்துக்குச் சொல்லுங்கள், கடைசி மாதம் திரும்பவும் நினைவூட்டுங்கள். தாய் வெளிநாடு போன அந்தப் பதினொரு வயதுப் பையனிடம் சொல்லாமல் நீங்களும் காணாமல் போனால் அவன் கணக்கில் போனவர்கள் இரண்டு பேர். அடுத்து வருகிறவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். பைலை ஒப்படைக்கும்போது முடியாமல் கிடக்கிற வேலைகளை முதல் பக்கத்தில் போடுங்கள்.

படி 10: வேலைக்குப் போவது

சான்றிதழ் எல்லாருடைய கையிலும் இருக்கும். நேர்முகத்தில் வித்தியாசம் காட்டுவது நீங்கள் சேர்த்த கோப்பு. பெயர், இடம், அடையாளம் எல்லாம் நீக்கிய ஒரு குடும்ப மதிப்பீடு, ஒரு உரையாடல் பதிவு, அதில் மேற்பார்வையாளர் போட்ட குறிப்பு, அதற்குப் பிறகு நீங்கள் மாற்றிச் செய்தது. இந்த நான்கும் இருந்தால் போதும், தடித்த பைல் வேண்டாம். எதை வெளியே எடுத்துப்போகலாம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

"ஒரு கஷ்டமான கேஸைச் சொல்லுங்க" என்று நிச்சயம் கேட்பார்கள். வெற்றிக்கதை சொல்லத் தேவையில்லை. என்ன கண்டீர்கள், எது தெரியவில்லை, யாரிடம் கேட்டீர்கள், பிறகு என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். கேட்கிறவர் களத்தில் வேலை செய்தவர் என்றால் இரண்டாவது பதிலில் நிமிர்ந்து உட்காருவார்.

நீங்களும் கேளுங்கள்: கிழமைக்கு ஒருக்கா மேற்பார்வை உண்டா, ஒருவருக்கு எத்தனை கேஸ், தமிழ் கேஸ்கள் எல்லாம் எனக்கேதான் வருமா, அப்படியென்றால் எண்ணிக்கையில் அது கணக்கெடுக்கப்படுமா, ஹோம் விசிட் பயணச்செலவு யார் தருவார்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் வெட்கப்படுகிறார்கள். மட்டக்குளிக்கும் அவிசாவளைக்கும் கிழமைக்கு நான்கு தடவை சொந்தக் காசில் போய்வந்தால் மூன்றாம் மாதம் அந்த வெட்கம் போய்விடும், அதற்குள் நியமனக் கடிதத்தில் கையொப்பம் வைத்திருப்பீர்கள்.